ஒரே செடியில் மூணு நிறப் பூ... ஏன் அப்படி வரைந்தார்கள்?

1542-ல் பாசெல் நகரில் அச்சான மூலிகை நூல் அது. அதில் ஒரே செடியில் வெள்ளை, மஞ்சள், ஊதா என மூன்று நிறப் பூக்கள். அப்படியொரு செடி எங்கேயும் கிடையாது. எழுதிய ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸுக்கு அது தெரியாதா? நல்லாவே தெரியும்.

அதுவரை பழைய படத்தைப் பார்த்தே அடுத்த படம் வரைந்ததில், நகலுக்கு நகல் செடியே உருமாறிப்போனது. மூலிகையை மாற்றிப் பறித்தால் நோயாளி கதி?

1530-ல் ப்ருன்ஃபெல்ஸின் நூலுக்கு வரைந்த ஹான்ஸ் வைடிட்ஸ், எதிரே இருந்த செடியை வாடிய இலை, ஒடிந்த தண்டோடு அப்படியே வரைந்தார். பார்க்க அத்தனை உயிர்ப்பு! ஆனால் அது அந்த ஒரு செடியின் படம். ஃபூக்ஸ் கேட்டது அந்த வகைக்கே பொதுவான முகம். அதனால்தான் வேர், பூ, காய், நிற வேறுபாடு எல்லாம் ஒரே படத்தில்.

மேயர் வரைய, ஃபுல்மௌரர் மரக்கட்டைக்கு மாற்ற, ஸ்பெக்கிள் செதுக்கினார். 500-க்கும் மேற்பட்ட படங்கள். மூவரின் உருவமும் நூலின் கடைசியில் உண்டு; அந்தக் காலத்தில் அது அபூர்வம்.

இவ்வளவு கவனமான நூலும் ஓரிடத்தில் சறுக்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய்க்கு அதில் உள்ள பெயர், 'கள்ளிக்கோட்டை மிளகு'. படம் என்னவோ சரிதான்!