துருப்பிடித்த காருக்குப் புதுவாழ்வு

வலிமைக்குப் பெயர் பெற்றது இரும்பு. ஆயினும் அந்த இரும்பையே உள்ளிருந்து அரித்துத் தின்னும் பகை ஒன்று உண்டு. அதுவே துரு. கடற்காற்று வீசும் நம் சென்னையில் இப்பகைக்கு வேலை அதிகம். தாத்தா காலத்துக் கார் ஒன்று வாசலில் துருவேறி நின்றால், "எடைக்குப் போட்டுவிடலாம்" என்று சொல்லுவோர் பலர். பொறுமையும் முறையும் இருந்தால் அதன் உடலை வீட்டிலேயே சீராக்க முடியும். அது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

நம் சிந்தாதிரிப்பேட்டை 1734ஆம் ஆண்டில், கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், நெசவாளர்களுக்காக உருவான ஊர். "சின்னத் தறிப் பேட்டை" என்பதே இப்பெயராயிற்று என்பர். தறியோசை கேட்ட இடத்துக்கு அருகிலேயே பின்னர் வண்டித் தொழிலும் வளர்ந்தது. அண்ணா சாலையிலுள்ள சிம்சன் நிறுவனம் 1840இல் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கியது. 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். கூவத்தின் மறுகரையிலுள்ள புதுப்பேட்டையோ பழைய வண்டிகளின் உதிரி பாகங்களுக்குப் பெயர் பெற்றது.

நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் காரும் சென்னையில் பிறந்ததுதான். வண்டலூர் அருகே இயங்கிய ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' தயாராயிற்று. அதற்கு வடிவம் தந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. பல கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே இருக்கும். ஹெரால்டில் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் தனி. அதன்மேல் உடல் பல பகுதிகளாகப் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ஆகவே வீட்டில் பழகுவோருக்கு இது ஏற்ற வண்டி.

முதலில் பகைவனை அறிவோம். இரும்பு, நீர், ஆக்ஸிஜன் மூன்றும் கூடும்போது துரு உண்டாகிறது. நீரில் உப்புக் கலந்தால் வேலை விரைவாகும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்பளிக்கிறது. மேலே ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால், உள்ளே பெரும் சேதம் இருக்கலாம். கதவின் அடிப்பகுதி, டிக்கியின் தரை, விளக்குகளின் பின்புறம், அடிச்சட்டத்தின் பக்கக் கைகள் ஆகியவை நீர் தேங்கும் இடங்கள். அங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்று ஒலித்தால் நல்ல தகடு; மந்தமாக ஒலித்தாலோ, முனை உள்ளே இறங்கினாலோ அது பொடிந்த தகடு.

வேலையைத் தொடங்குமுன் எல்லாப் பக்கங்களிலும் புகைப்படம் எடுத்துக்கொள்வோம். கழற்றும் போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் இட்டுச் சீட்டு ஒட்டுவோம். பாட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் அப்புறப்படுத்துவோம். காலி டாங்குதானே என்று எண்ணலாகாது. நிறைந்த டாங்கைவிட ஆவி நிறைந்த காலி டாங்கே வெடிக்கும் ஆபத்து மிகுந்தது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். எனவே அதை உலர்வாகத் தேய்க்காமல் நீர்த்தாளால் நனைத்துத் தேய்க்க வேண்டும், முகமூடி அவசியம், சிறு குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

அடுத்தது வெட்டி ஒட்டுதல். பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். ரவிக்கைக்கு அளவுத் தாள் வெட்டுவதுபோலக் காகிதத்தில் மாதிரி வெட்டி, அதன்படி இருபது கேஜ் தகட்டை நறுக்கிப் பொருத்துவோம். வெல்டிங்கைத் தேர்ந்த தொழிலாளரிடம் விடுவதே நலம். அவர் ஒரே கோடாக ஓட்டாமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வைப்பதைக் கவனியுங்கள். வெப்பம் ஓரிடத்தில் சேர்ந்தால் தகடு நெளிந்துவிடும் என்பதே காரணம். அடிச்சட்டத்தை வெல்டிங் செய்யும்போது கதவு இடைவெளிகளை அவ்வப்போது அளக்க வேண்டும். இல்லையேல் பின்னர் கதவு மூடாது.

பிறகு டிங்கரிங். பித்தளைப் பாத்திரத்தில் ஒடுக்கு எடுப்பவர் செய்வதும் இதுதான். ஒரு பக்கம் டோலி என்னும் இரும்புக் கட்டியைத் தாங்கலாகப் பிடித்து, மறுபக்கம் சுத்தியால் மெல்லத் தட்டுவர். ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, ஒடுக்கு புடைப்பாக மாறிவிடும்.

எஞ்சிய மெல்லிய துருவைப் பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டில்லி இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாகப் பெருந்துரு இன்றி நிற்பதற்கும் அதன் இரும்பிலுள்ள பாஸ்பரஸ் ஒரு முக்கிய காரணம். அமிலத்தைக் கையாளக் கையுறையும் கண்ணாடியும் தேவை. தகடு உலர்ந்தவுடன் தாமதியாமல் பிரைமர் பூச வேண்டும். அதன்பின் பட்டியை மெல்லியதாக இட்டு, நீர்த்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, பெயிண்ட் அடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைச் செய்யலாகாது. ஈரக்காற்றில் லாக்கர் பெயிண்ட் வெளிறிவிடும். இறுதியாகக் கதவின் உட்புறத்தில் மெழுகுப் பூச்சு இட்டு, அடியிலுள்ள நீர்வடி துளைகளை அடைப்பின்றி வைத்தால் துரு எளிதில் திரும்பாது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. 2021இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். ஆனால் அவற்றின் அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாறுதல் செய்திருக்கக் கூடாது. ஆகவே நம் விருப்பப்படி உருவத்தை மாற்றாமல், இருந்தபடியே மீட்பதுதான் முறை.

இவ்வேலையில் பெருஞ்சோதனை ஒன்று உண்டு. துருவின்மேல் பட்டியை அப்பி, பளபளக்கப் பெயிண்ட் அடித்துவிட்டால் ஒரே வாரத்தில் கார் புதிதாகத் தோன்றும். ஆனால் பட்டி மறைக்குமே தவிரத் தாங்காது. ஓட்டையான அடிச்சட்டத்தின்மேல் உட்கார்ந்து செல்லப்போவது நம் தாய் தந்தையரும் தம்பி தங்கையருமே அல்லவா? ஆகவே, தோழியரே, வீட்டில் யாரேனும் பழைய காரை வாங்கினாலோ சீராக்கினாலோ, பெயிண்டின் பளபளப்பைப் பார்க்குமுன் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள்; பெரியோரையும் பார்க்கச் சொல்லுங்கள்.