வீட்டு ஆமைக்குளம்

வீட்டு ஆமைக்குளம் என்பது வளர்ப்பு நன்னீர் ஆமைகளுக்காக வீட்டுத் தோட்டத்தில் அமைக்கப்படும் சிறு செயற்கை நீர்நிலை ஆகும். நீந்துவதற்கு ஆழமான நீர், வெயில் காய்வதற்கு உலர்ந்த மேடு, முட்டையிட மணற்பரப்பு, தப்பிச் செல்லாதிருக்கச் சுற்றுச்சுவர் ஆகியவை இதன் இன்றியமையாத உறுப்புகள். தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்களில் இதனை அமைப்போர் வனவிலங்குச் சட்டத்தையும் வடகிழக்குப் பருவமழையையும் முதலில் கருத்திற் கொள்ள வேண்டும்.

வளர்க்கத்தக்க ஆமை

இப்பகுதியின் ஏரிகளிலும் கிணறுகளிலும் இயல்பாக வாழ்வது பாலாமை. கோடையில் ஏரி வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் இது, மழை பெய்தவுடன் வெளிவந்து சில வேளைகளில் வீட்டு வளாகத்துக்குள்ளும் நுழைந்துவிடும். அதனைப் பிடித்துக் குளத்தில் விட்டு வளர்ப்பது குற்றமாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாலாமை இடம்பெற்றுள்ளது. மீறுவோருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. நட்சத்திர ஆமைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அது நிலத்தில் வாழ்வது, ஆழமான குளத்தில் விட்டால் மூழ்கிவிடும். வீட்டுக்கு வந்த ஆமையைப் பற்றி வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. இந்திய ஆமைகளைக் காண விரும்புவோர் 1976இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குச் செல்லலாம்.

கடைகளில் பரவலாக விற்கப்படுவது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த செங்காது ஆமை. கண்ணின் பின்னே சிவப்புப் பட்டை கொண்ட இதன் குஞ்சு, நாணய அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றது. ஆனால் வளர்ந்த பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ.க்கு மேலும் நீளும். 20 ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழும். வாங்குவோர் பலர் இதனை அறிவதில்லை. பெட்டி போதாமற் போகும்போதுதான் குளம் பற்றிய எண்ணமே எழுகின்றது.

குளத்தின் அமைப்பு

ஓட்டின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் சுமார் 38 லிட்டர் நீர் என்பது ஆமை வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. இதன்படி 10 அங்குல ஆமை ஒன்றுக்கே ஏறத்தாழ 380 லிட்டர் தேவை. ஆழம் இரண்டடிக்குக் குறைந்தால் மே மாத வெயிலில் அடிநீரும் சூடேறிவிடும். எனவே குளத்தின் ஒரு பாதியாவது நிழலில் இருத்தல் நன்று. மறுபாதியில், சாய்தளத்தின் வழியே ஏறி அமரக்கூடிய மேடு வெயில் படும்படி இருக்க வேண்டும். ஓடு முழுவதும் உலராவிட்டால் அதில் பூஞ்சை பிடிக்கும்.

புதிய சிமெண்டுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசிவதால், பல முறை நீரை நிரப்பி வடித்த பின்னரே ஆமையை விட வேண்டும். ஆமை பெருமளவு கழிவை வெளியேற்றும். வடிகட்டி இல்லாவிடில் அடிக்கடி நீர் மாற்ற வேண்டியிருக்கும். வடித்த நீரை வாழைக்குப் பாய்ச்சலாம். ஆமையைத் தொட்ட பின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவது கட்டாயம். குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா தொற்று பரவியதால்தான் 1975இல் அமெரிக்கா நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது.

மழையும் தப்புதலும்

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நாளில் தரைமட்டக் குளத்தின் நீரும் தெருநீரும் ஒன்றாகிவிடும். ஆமை அங்கிருந்து ஏரியை அடைவது எளிது. எனவே குளத்தின் விளிம்பைத் தரையினும் உயர்த்திக் கட்டுவதும், நீர்போக்கிக் குழாயின் வாயில் கம்பிவலை பொருத்துவதும், சுற்றுச்சுவரின் மேல்விளிம்பை உட்புறமாக வளைத்துவிடுவதும் இங்கு அவசியமாகின்றன. பெருமழை எச்சரிக்கை வந்தால் மூடிய தொட்டியில் ஆமையை வீட்டுக்குள் வைப்பதே பாதுகாப்பு.

வளர்க்க இயலாத நிலையில் கோயிற்குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுவது புண்ணியம் எனச் சிலர் எண்ணுகின்றனர். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டுள்ள செங்காது ஆமை, உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் உள்ளூர் ஆமைகளுடன் போட்டியிடுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளை ஒட்டி வசிப்போர் ஆமை வாங்கும் முன்பே, பிற்காலத்தில் அதனை ஏற்கக்கூடிய மற்றொரு வளர்ப்பாளரைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது.