சேற்றை உண்ணும் சிறு நண்டு

பரந்தனுக்கு வடக்கே, ஆனையிறவுக் கடல்நீரேரியை அண்டிய பக்கங்களில் வயல் முடிந்து உவர்த்தரை தொடங்குகிறது. இத்தகைய சேற்றுக் கரைகளில் நீர் வற்றிய வேளையில், ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகள் கூட்டமாக வெளிவருவதைக் காணலாம். 2009 ஆம் ஆண்டுக்குப் பின் காணிகளுக்குத் திரும்பிய குடும்பங்கள் சில, இவை நாற்றை அழித்துவிடும் என்று அஞ்சுவதுண்டு. இவை எதை உண்கின்றன என்று அறிந்தால் அந்த அச்சம் நீங்கும்.

இந்த நண்டின் உணவு சேற்றின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் பற்றீரியாக்களும் உக்கிய இலைதழைகளும் அங்கே மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். நண்டு சிறிய கையால் சேற்றைக் கிள்ளி வாயில் வைக்கும். பூக்களில் உள்ள நீர் வாய்க்குள் வந்து சேற்றைக் கரைக்கும். பாரமற்ற உணவுத் துணிக்கைகள் மிதக்க, வாயுறுப்புகளிலுள்ள நுண்மயிர்கள் அவற்றைப் பிரித்தெடுக்கும். மிஞ்சிய மண் சிறு உருண்டையாக வெளியே வரும். வளையைச் சுற்றிக் கிடக்கும் உருண்டைகள் இவ்வாறு உண்டானவையே.

பெருத்த கை ஆணுக்கு மட்டுமே உண்டு. பெண்ணை அழைக்கவும் எதிரியோடு பொருதவும் அது உதவும், உண்ண உதவாது. பெண் நண்டு இரு கைகளாலும் உண்ண, ஆண் ஒரு கையாலேயே உண்கிறது. ஆகவே அது கூடுதல் நேரம் மேயவோ, விரைவாக அள்ளவோ வேண்டியுள்ளது.

நாற்றை வெட்டுவதும் வரம்பைத் துளைத்து நீரைக் கசியவிடுவதும் நன்னீரில் வாழும் வயல் நண்டே. உவர்க்கரை நண்டு அவ்வாறு செய்வதில்லை. அதன் வளைக்குள் பூச்சிநாசினி ஊற்றுவதால் எமக்கு நட்டமே உண்டாகும். இறாலும் நண்டும் ஒன்றுக்கொன்று உறவுடைய உயிரினங்கள். நண்டைக் கொல்லும் நஞ்சு இறாலையும் கொல்லும். கடல்நீரேரியில் இறால் பிடித்துச் சீவிக்கும் அயலவரின் உணவில் நாம் கைவைத்தவர்களாவோம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட சுண்டிக்குளத்துக்கு வரும் கரைப்பறவைகளுக்கும் இத்தகைய சிற்றுயிர்களே இரை.

இன்னொரு பயனும் உண்டு. இந்த நண்டு உவர்நீர் படும் சேற்றையே நாடும். எனவே காணியின் ஓரத்தில் அதன் வளைகளும் மண் உருண்டைகளும் காணப்பட்டால், அங்கே உப்பு ஏறியிருக்கலாம் என்று கொள்ள வேண்டும். இளம் நெல் உப்பைத் தாங்காது. கடன்பட்டு விதைப்பதற்கு முன் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு மண்ணைப் பரிசோதிப்போம். மாரி மழை உப்பைக் கழுவிய பின் விதைக்கலாமா, உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற நெல்லினம் பொருந்துமா என்பதையும் அவரிடமே கேட்டறியலாம். பல தடவை எல்லாவற்றையும் இழந்து வந்த நாம், ஒரு போக விதைநெல்லையேனும் வீணாக இழக்காதிருப்போம்.