தேடுசொல்லும் தெரியாத வாசலும்

ஐயம் ஒன்று எழுந்தால் இன்றைய மனிதன் முதலில் நாடுவது ஆசிரியரை அன்று. அண்டை வீட்டாரையும் அன்று. கையிலுள்ள கைப்பேசியில் இரண்டு மூன்று சொற்களை இடுகிறான். கண்ணிமைக்கும் நேரத்தில் விடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றுள் சில, கேட்டதற்குச் சற்றும் தொடர்பில்லாதனவாக இருப்பதைக் கண்டு நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். பழம் வாங்கப் புறப்பட்டவனைப் பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்திய கதைதான் அது. இவ்வாறு நேர்வது ஏன்? சிரிப்புக்கு அப்பால் இதில் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது ஏதேனும் உண்டா? நண்பர்களே, இவ்விரண்டு வினாக்களுக்கும் என்னால் இயன்ற விடையை இங்கே கூற முற்படுகிறேன்.

பொறி செய்யும் வேலை

நாம் கேட்ட பிறகு தேடுபொறி உலகமெல்லாம் ஓடித் தேடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. இணையத்தில் உள்ள ஏடுகளை அது முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்த ஏட்டில் எங்கே வருகிறது என்று குறித்து வைத்திருக்கிறது. இம்முறை தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. 1962-இல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் புறநானூற்றுச் சொல்லடைவை அறிந்தவர்கள் நம்முள் இருப்பர். சொல்லைப் பார்த்தால், அது வரும் பாட்டும் அடியும் தெரியும். தேடுபொறியின் அடிப்படையும் சொல்லடைவே. ஆனால் அது ஒரு நூலுக்கு உரியதன்று; கோடிக்கணக்கான ஏடுகளுக்கு உரியது.

எல்லாச் சொற்களுக்கும் ஒரே மதிப்புத் தருவதில்லை. ‘ஒரு’, ‘என்று’ என்பன எங்கும் வருவன. அவற்றால் பயன் சிறிது. அரிதாக வரும் சொல்லே இடத்தைச் சரியாகச் சுட்டும். இக்கருத்தை 1972-இல் ஒழுங்குபட எடுத்துரைத்தவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. பின்னர் 1998-இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த செர்கே பிரினும் லாரி பேஜும் மற்றொரு முறையை வெளியிட்டனர். ஓர் ஏட்டை வேறு எத்தனை ஏடுகள் சுட்டுகின்றன, சுட்டுபவை எத்தகு மதிப்புடையவை என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவதே அம்முறை. ஊரில் பலர் கைகாட்டும் வைத்தியரைத் தேடிப் போவது போன்றது இது.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆயிரம் வைத்தியர் உள்ள ஊரில்தான் கைகாட்டுவதற்குப் பொருள் உண்டு. ஒருவரே இருந்தால், அவர் எத்தகையவராயினும் முதல்வர் அவரே. பாட்டி, குழந்தை, காய்ச்சல், கஷாயம் ஆகிய நான்கு சொற்களும் வரும்படி ஒருவர் நகைச்சுவைக் கதை எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அச்சொற்கள் சேர்ந்து வரும் ஏடு வேறு இல்லையானால், நள்ளிரவில் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கவலையோடு தேடும் தாய் அந்தக் கதையின் வாசலில் வந்து நிற்பாள். எழுதியவர் அவளை எதிர்பார்க்கவில்லை. அவளும் அவரை எதிர்பார்க்கவில்லை. சொல் ஒன்றே இருவரையும் கூட்டி வைத்தது.

இத்தகைய சந்திப்புகள் மிகுதியாக நிகழ்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நாள்தோறும் தன்னிடம் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு, முன் ஒருபோதும் வராதவை என்று கூகிள் நிறுவனமே பலமுறை கூறியுள்ளது. மனிதன் கேட்கும் கேள்விக்கு எல்லை இல்லை போலும்!

தேடுசொல் மனத்தின் குரல்

தேடுபவன் பொறியின் முன் வேடம் போடுவதில்லை. நண்பனிடம் கேட்க நாணுவதையும் அதனிடம் கேட்கிறான். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படட்டும் என்று ஏறத்தாழ 6,50,000 பேர் செய்த 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களை இட்டிருந்தார்கள். ஆயினும் சில நாட்களிலேயே, தேடிய சொற்களை மட்டும் கொண்டு முதிய பெண்மணி ஒருவரைச் செய்தித்தாள் நிருபர்கள் கண்டுபிடித்துவிட்டனர். நோய், தனிமை, கடன், ஆசை ஆகிய அனைத்தும் அச்சொற்களில் இருந்தன.

முன்பெல்லாம், ஓர் ஏட்டுக்கு வருபவர் எந்தச் சொற்களை இட்டு வந்தார் என்பது அந்த ஏட்டுக்கு உரியவர்க்குத் தெரிந்தது. 2011 முதல் கூகிள் அதனைப் படிப்படியாக மறைத்தது. இன்று மொத்தக் கணக்கிலிருந்து ஓரளவே அறிய முடியும். தனி மனிதரின் மறைவைக் காக்க இது நன்றே. ஆயினும் எழுதுவோர் ஒன்றை மறத்தலாகாது: மக்கள் எந்தச் சொற்களால் கேட்கிறார்கள் என்பதே, என்ன எழுதப்படவேண்டும் என்பதற்கான குறிப்பு.

தமிழ்ச் சொல்லின் இயல்பு

தமிழில் தேடுவோர்க்கு இடர்கள் இன்னும் கூடுதல். நம் மொழியில் ஒரு பெயர் பல உருவம் கொள்ளும். மரம், மரத்தை, மரத்தால், மரங்களுக்கு என்று வளரும். எழுத்தை எழுத்தோடு மட்டும் ஒப்பிடும் பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். விகுதியைக் களைந்து ‘மரம்’ என்ற வேரைக் காணப் பொறியைப் பழக்கலாம். ஆனால் அங்கும் ஒரு பள்ளம் உண்டு. ‘கால் மரத்துப் போயிற்று’ என்னும்போது அந்த ‘மரத்து’ மரமன்று. உணர்ச்சியற்றுப் போவதைக் குறிக்கும் வினை. இலக்கணம் அறியாத பொறி, கால் மரத்தவனைத் தச்சன் கடைக்கு அனுப்பினாலும் வியப்பில்லை.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதித் தேடுவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பழம், பலம், பாலம் ஆகிய மூன்றும் அங்கே ஒரே உருவம் பெற்றுவிடக்கூடும். தொடக்கத்தில் நான் கூறிய பழக்காரனின் கதை கற்பனையாயினும், காரணம் கற்பனையன்று.

2019 முதல் கூகிள் தேடலில், சொல்லை எண்வரிசையாக மாற்றிச் சூழ்நிலையால் பொருளை உணரும் புதிய முறைகள் புகுத்தப்பட்டுள்ளன. அவற்றால் பெரும் நன்மை விளைந்துள்ளது. எனினும் அம்முறைகள் கற்பது எழுதப்பட்டவற்றிலிருந்தே. எழுத்து மிகுந்த மொழியை நன்கு கற்கும். குறைந்த மொழியைக் குறைவாகவே கற்கும். மேலும், கேள்வியை நன்கு உணர்ந்துகொண்டாலும், விடை எழுதப்படாதிருந்தால் பொறி எதனை எடுத்து வைக்கும்?

ஆலையில்லா ஊர்

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்பது நம் பழமொழி. நல்ல விடை இல்லாத இடத்தில் எது கிடைக்கிறதோ அதுவே முதல் விடையாகிவிடுகிறது. மைக்கேல் கோலபியூஸ்கி, டேனா பாய்ட் என்னும் இருவர் 2018-இல் இதற்குத் ‘தரவு வெற்றிடம்’ என்று பொருள்படும் பெயரிட்டனர். வெற்றிடம் நெடுநாள் வெறுமையாக இருப்பதில்லை. விற்பவனோ ஏமாற்றுபவனோ அதில் குடியேறுகிறான் என்று அவர்கள் எச்சரித்தனர்.

நான் நாகபுரியில் வளர்ந்தவன். என் அம்மாவுக்கு இந்தி பேசவரும், மராத்தி புரியும், ஆனால் நோயைப் பற்றிக் கேட்பதெல்லாம் தமிழில்தான். சென்ற ஆண்டு கால் மரத்துப்போவதாக உணர்ந்தபோது கைப்பேசியிடம் தமிழிலேயே கேட்டார். முதலில் வந்தது ஒரு தைல வியாபாரியின் ஏடு. இரண்டு புட்டிகள் வாங்கித் தேய்த்தார். மூன்று மாதங்கள் கழிந்தன. பிறகு வேறொரு காரணத்துக்காக மருத்துவரிடம் சென்றபோதுதான், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பது தெரிந்தது. நீரிழிவு நெடுநாள் கட்டுக்கடங்காதிருந்தால் கால் நரம்புகள் பழுதுறும் என்பதும், உணர்வற்ற காலில் பட்ட சிறு புண்ணும் பெருந்தீங்காகலாம் என்பதும் மருத்துவ மாணவர் அனைவரும் அறிந்தவை. தமிழிலும் இவை எழுதப்படாமல் இல்லை. ஆனால் ‘புற நரம்புச் சிதைவு’ என்னும் தலைப்பில் எழுதப்பட்டிருந்தால், ‘கால் மரத்துப்போகிறது’ என்று கேட்கும் தாய்க்கு அது எப்படி எட்டும்? அறிஞர் ஒரு சொல்லிலும் மக்கள் ஒரு சொல்லிலும் நின்றால் நடுவே தைலக்காரன் கடை விரிக்கிறான்.

நாம் செய்யத்தக்கது

தமிழ் இணையத்தில் பாலைவனமாக இருக்கிறது என்று நான் கூறவில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களை எவரும் படிக்குமாறு செய்தது. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று 1,50,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஆனால் ஆங்கிலத்தில் உள்ளவை 60 லட்சத்துக்கும் மேல் என்பதையும் நினைக்கவேண்டும். இலக்கியத்தில் நாம் செல்வர். அன்றாட அறிவியலில் இன்னும் வறியர்.

இந்த வறுமையைப் போக்க வல்லவர் நம்மையன்றி யார்? மருத்துவமும் வேதியியலும் வேளாண்மையும் சட்டமும் பயிலும் தமிழ் மாணவர்கள் இவ்வளாகத்தில் இருக்கிறோம். தேர்வுக்குப் படித்த ஒரு பொருளை ஆண்டுக்கு ஒரு முறையேனும் தமிழில் எழுதலாம். எழுதும்போது மூன்றை மனத்தில் கொள்வோம். முதலாவது, வீட்டார் அதனை எந்தச் சொல்லால் கேட்பார்கள் என்று அறிந்து, அச்சொல்லைத் தலைப்பிலும் முதற்பத்தியிலும் வைக்கவேண்டும். கலைச்சொல் அதன் பின்னே வரட்டும். இரண்டாவது, ‘மரத்துப்போதல்’, ‘மதமதப்பு’, ‘உணர்ச்சியில்லை’ என ஊருக்கு ஊர் வேறுபடும் வழக்குகளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். மூன்றாவது, எந்த நிலையில் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ செல்லவேண்டும் என்பதைத் தெளிவாகக் கூறவேண்டும்.

வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள், அம்மாவும் பாட்டியும் பக்கத்து வீட்டாரும் கைப்பேசியிடம் கேட்கும் கேள்விகளில் பத்தையேனும், அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்து வாருங்கள். கேட்டவர் பெயர் வேண்டா, கேள்வி போதும். அவற்றைத் துறைவாரியாகப் பிரித்துக்கொண்டு விடை எழுதும் பணியை, அடுத்த பருவத்தின் முதற்கூட்டத்திலேயே நம் சங்கம் தொடங்குமாறு செய்வோம்.