கிழிந்து நின்றுபோன கண்டம்

கடலுக்கடியில் எரிவாயு கிடைக்கிறது என்று கேட்டவுடன், அங்கே பெரியதொரு குகை இருப்பதாகவும் அதில் வாயு நிரம்பி நிற்பதாகவும் மாணவர் பலர் எண்ணிக்கொள்கின்றனர். கல்லூரியில் காலடி வைக்கும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அங்கே இருப்பது கல்தான். மணற்கல்லின் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய வெளிகளில் வாயு ஒதுங்கியிருக்கிறது. அந்தக் கல் அங்கே வந்தது எப்படி? வாயு தப்பிப் போகாமல் நின்றது எதனால்?

நார்வேயின் பெர்கன் நகருக்கு வடமேற்கே, வடகடலில், 1979-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட டிரோல் வயலை எடுத்துக்கொள்வோம். அங்கே கடலின் ஆழமே 300 மீட்டருக்கு மேல். வாயு தங்கிய மணற்கல்லோ, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே கிடக்கிறது.

சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் பூமியின் மேலோடு இருபுறமும் இழுபட்டு மெலியத் தொடங்கியது. ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் மீண்டும் ஒருமுறை இழுபட்டது. அலமாரியில் நெருக்கமாக அடுக்கிய புத்தகங்களில் இரண்டை உருவிவிட்டால், மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துவிடுமல்லவா? அவ்வாறே மேலோடும் பாளம் பாளமாகப் பிளந்து சாய்ந்தது. நடுவே வைக்கிங் பள்ளம் என்னும் நெடிய பள்ளத்தாக்கு அமிழ்ந்தது. அதன் கிழக்குத் தோளில் இருந்த பாளங்கள் அவ்வளவு தாழவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. நார்வே நிலப்பரப்பிலிருந்து வந்த மணல், ஆழம் குறைந்த கிழக்குத் தோளில் கரையோரப் படிவாகத் தங்கிற்று. பள்ளத்தின் ஆழத்திலோ உயிர்க்காற்று அருகியிருந்தது. ஆகவே மடிந்த நுண்ணுயிர்கள் முற்றும் அழுகிப்போகாமல் கருஞ்சேற்றோடு புதைந்தன. பிறகு இழுவிசை ஓய்ந்தது. கண்டம் இங்கே முழுவதும் பிரியவில்லை. அட்லாண்டிக் சமுத்திரம் வேறிடத்தில் வாய்திறந்தது. வெப்பம் தணிந்த மேலோடு மெல்ல மெல்ல அமிழ, களிப்பாறைகள் அடுக்கடுக்காக எல்லாவற்றையும் மூடின. ஆழத்தில் வெந்த கருஞ்சேறு எண்ணெயும் வாயுவும் ஈன்றது. அவை மேடான கிழக்கை நோக்கி ஊர்ந்து, சாய்ந்த பாளங்களின் மணற்கல்லில் புகுந்தன. மேலே களிப்பாறை மூடியாயிற்று. கண்டம் பாதியில் நில்லாமல் பிளந்தே போயிருந்தால், இந்த ஒழுங்கு வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. வயலின் மேற்குப் பாளங்களில், பெரும் வாயுத்திரளுக்குக் கீழே, எண்ணெய் மெல்லிய படலமாகக் கிடந்தது. அதன் கனம் சிறந்த இடத்திலேயே 22 முதல் 26 மீட்டர். சில இடங்களில் 12 மீட்டர்தான். மேலிருக்கும் வாயுவை முதலில் உறிஞ்சிவிட்டால், அழுத்தம் குறைந்து எண்ணெய் மேலேறி, வாயு இருந்த மணலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை மீட்பது அரிது. எனவே கிழக்குப் பாளத்தின் வாயுவை 1996 முதல் எடுத்துக்கொண்டு, மேற்கில் 1995 முதல் படுக்கைவாட்டில் துளையிட்டு எண்ணெயையே வடித்தார்கள். மேற்கின் வாயுத்தொப்பிக்கென அமைத்த கிணறுகள் 2021 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டன.