சுண்டாட்டத்தில் அமர்வும் கண் நிலையும்

சுண்டாட்டம் (கேரம்) விரலால் அடிப்பானைச் சுண்டிக் காய்களைக் குழிகளில் வீழ்த்தும் உள்ளரங்க விளையாட்டு ஆகும். இதன் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1988 இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இவ்விளையாட்டில் குறியின் துல்லியம் விரலின் திறனை மட்டுமன்றி, ஆடுபவர் அமரும் விதத்தையும் கண் இருக்கும் இடத்தையும் பொறுத்தது.

பிழைக்கான இடம்

குழியின் விட்டம் 4.45 செ.மீ.; காயின் விட்டம் ஏறத்தாழ 3.1 செ.மீ. எனவே காய் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 6.75 மி.மீ. மட்டுமே விலகலாம். அடிப்பானும் காயும் தொடும்போது அவற்றின் மையங்களுக்கிடையே உள்ள தொலைவு சுமார் 36 மி.மீ. தொடும் இடத்தில் அடிப்பான் 1 மி.மீ. விலகினாலும் காயின் திசை 1.6 பாகை மாறும். அக்காய் 30 செ.மீ. செல்வதற்குள் 8 மி.மீ. விலகிவிடும், குழியின் விளிம்பில் மோதித் திரும்பும். மெல்லிய வெட்டடியில் இப்பிழை இன்னும் பெருகும்.

கண்ணின் இடம்

காயின் மேற்பரப்பு பலகையிலிருந்து ஏறத்தாழ 8 மி.மீ. உயரத்தில் உள்ளது, குழியோ பலகையின் மட்டத்தில் உள்ளது. குறிக்கோட்டிற்குப் பக்கவாட்டில் 30 பாகை சாய்வில் இருந்து பார்ப்பவருக்குக் காய் தன் இடத்திலிருந்து 4.6 மி.மீ. விலகியதாகத் தோன்றும். இது இடமாறு தோற்றப் பிழை எனப்படும். கண் குறிக்கோட்டிற்கு நேர் மேலேயோ அதன் நீட்சியிலோ இருந்தால் இவ்விலகல் கோட்டின் வழியே அமையும், குறி கெடாது. கோல்ப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டுவோர் கண்ணைப் பந்தின் கோட்டிற்கு மேல் வைக்கப் பழகுவதும் இதே காரணத்தால்தான். ஆனால் அவர்கள் பந்தைச் சுற்றி நடந்து பார்க்கலாம். சுண்டாட்டத்தில் அந்த வசதி இல்லை.

அமர்வு

போட்டி விதிகளின்படி ஆடுபவர் இருக்கையை விட்டு எழவோ அதை நகர்த்தவோ கூடாது. மூலைகளை நோக்கி வரையப்பட்ட அம்புக்குறிக் கோடுகளை ஆடும் கை தாண்டவும் கூடாது. எனவே இடுப்பிலிருந்து உடலைச் சாய்த்தே கண்ணைக் கோட்டிற்குக் கொண்டுவர வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. அளவுக்கு மீறிச் சாய்ந்தால் தோள் இறுகி, விரல் நேராகச் சுண்டாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கண்ணைக் கோட்டிற்குக் கொண்டு செல்வதைவிட, அடிப்பானை அடிக்கோடுகளுக்கிடையே நகர்த்திக் கோட்டையே கண்ணருகே கொண்டுவருகின்றனர். தொடக்கநிலை மாணவர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதுவே. சுண்டி முடியும்வரை தலை அசையாதிருத்தலும் இன்றியமையாதது.

தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் பலகை மந்தமாகிறது. தூள் தூவினாலும் வேகம் விரைவில் குறைவதால் வலுவாகச் சுண்ட நேர்கிறது. வலுவாகச் சுண்டும்போது உடல் குலுங்குவது இயல்பு. அங்கு கால்களை அகலமாகத் தரையில் ஊன்றி அமர்வது கூடுதல் பயன் தரும்.

தமிழக வாகையர்

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆம் ஆண்டுகளில் உலக வாகையராகி, 1996 இல் அர்ச்சுனா விருது பெற்றார். இளவழகி 2008 இலும், காசிமா 2024 இலும் மகளிர் பிரிவில் உலகப் பட்டம் வென்றனர். இவ்விருவரும் சென்னையைச் சேர்ந்தவர்களே.