‘அது’ ‘அவன்’ ஆன வீடு

கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் காத்திருந்தேன். உள்ளேயிருந்து வந்த பெண் கையிலிருந்த அட்டையைப் பார்த்து, “கதிர் அப்பா யாருங்க?” என்றார். எழுந்து நின்றேன். அட்டையில் நோயாளி பெயர் கதிர், வயது ஐந்து, முன்னால் என் இனிஷியல் வேறு. காலடியில் கிடந்த லாப்ரடார் வாலை ஆட்டிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனது. போனான் என்று எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம்.

இலக்கணப்படி இது தப்பு. ஆனால் நன்னூல் மகிழ்ச்சிக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. மேய்ந்து திரும்பும் பசுவைப் பார்த்து, சந்தோஷத்தில் ஒருவர் அம்மை வந்தாள் என்று சொல்லிவிட்டால் அது வழுவல்ல, வழுவமைதி. பாடப்புத்தகத்தில் இன்றும் அந்தப் பசுதான் உதாரணம். எப்போதாவது பொங்கும் பிரியத்துக்காகக் கொடுத்த சலுகை அது. நாங்கள் அதைக் காலை ஐந்தரையிலிருந்து இரவு பதினொன்று வரை செலவழிக்கிறோம்.

என் சின்ன வயதில் வீட்டிலிருந்த மணிக்கு அந்தச் சலுகை கிடைத்ததில்லை. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம், எண்பதுகளின் நடுப்பகுதி. மணி யாரும் வாங்கி வளர்த்த நாயல்ல. ஒரு மழைநாளில் மாட்டுக் கொட்டத்தில் வந்து ஒண்டியது, அப்புறம் போகவில்லை. செவலை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். எங்கள் பக்கம் முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் வீட்டில் வயிறு ஒட்டிய சிப்பிப்பாறை நாய்கள் உண்டு. மணிக்கு அப்படிக் குலப்பெருமை எதுவும் கிடையாது.

கிணற்றடியில் நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்று கிடக்கும். மிஞ்சிய கஞ்சி, கருவாட்டுத் தலை, ஞாயிற்றுக்கிழமையானால் எலும்பு. போதாததை ஊருக்குள் அதுவே பார்த்துக்கொண்டது. படுக்கை, திண்ணைக்குக் கீழே கோணிச்சாக்கு. வாசல்படி தாண்டினால் அப்பத்தா விளக்குமாற்றைத் தூக்குவாள். காலையில் நாங்கள் எழும்போது சாக்கு காலியாக இருக்கும். எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் நாலரை மணி பஸ்ஸுக்கு மட்டும் தவறாமல் பாலத்தடியில் நிற்கும். என் பையை முகர்ந்துவிட்டு முன்னால் ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், மறுபடி ஓடும். அந்த ஓட்டத்துக்குச் சம்பளமாக ஒரு பிஸ்கட்கூட நான் கொடுத்ததில்லை. பிஸ்கட் எனக்கே கிடைக்காது.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. அன்றைக்கு ஊரில் பாதி நாய்களுக்கு இங்கிலீஷ் பெயர்தான், டைகர், டாமி, ஜிம்மி. கையெழுத்துப் போடத் தெரியாத தாத்தாகூட நாயிடம் மட்டும் “கமான்” என்பார். இன்று பிள்ளைகள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள், நாய்க்குத் தமிழ்ப் பெயர் வைக்கிறார்கள். கதிர் என் மகள் வைத்தது. நல்ல பெயர்தான். ஒருநாள் லிஃப்டில், “கதிர், இங்க ஒண்ணுக்குப் போனா அடி விழும்!” என்று நான் அதட்டியபோது, பின்னால் காய்கறிப் பையோடு இரண்டாம் மாடிக் கதிரேசன் சார் நின்றிருந்தார். அவரையும் வீட்டில் கதிர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. அதிலிருந்து அவர் படிக்கட்டில்தான் போகிறார்.

அன்றைய வீடுகளில் நாய் என்றதும் கூடவே வரும் பயம், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. என் தம்பி அதைப் போட்டுக்கொண்டவன். கடித்தது மணியா, தெருநாயா என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை இரண்டு கட்சி. வெறிநோய்க் கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அப்படித்தான் தயாரித்தார்கள். தினமும் காலையில் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவார். திரும்பும்போது அவன் வயிறு வீங்கியிருக்கும், கையில் பன்ரொட்டி இருக்கும். நாட்டில் அந்த மருந்து 2005-க்குள் நின்றுபோனது. இப்போது கடிபட்டால் கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறு. மணிக்கு ஊசி போடலாம் என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடிபட்டவனுக்குத்தான் ஊசி. கடிக்கிறதுக்கு முதலிலேயே போட்டுவிடலாம் என்பது எங்களுக்குத் தெரியாது.

கதிரிடம் தடுப்பூசிப் புத்தகம் இருக்கிறது. என்னுடையதைவிடத் தடிமன். தோலுக்கடியில் அரிசி அளவில் பதினைந்து இலக்க எண்ணுடன் சிப் இருக்கிறது. சென்னை மாநகராட்சியின் உரிமம் இருக்கிறது, கட்டணம் 50 ரூபாய். 2025-ல் உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததும், நகரமே திரண்டு வந்ததுபோல உரிமம் தரும் மையங்களில் நாய்கள் வரிசை நின்றன. சாக்லேட் ஆகாது, வெங்காயம் ஆகாது, பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சைகூடச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து வந்த சித்தப்பா, “மணி எத்தனை கல்யாண இலையை நக்குச்சு, ஒண்ணும் ஆகலையே?” என்றார். உண்மைதான். ஆகியிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

குடியிருப்புச் சங்கத்தில் நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தது. செல்லப் பிராணிகளைச் சங்கங்கள் தடை செய்யக்கூடாது, லிஃப்டை மறுக்கவும் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-ல் சொன்னதை அச்செடுத்துக்கொண்டு போனேன். 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு இதே சென்னையில் தொடங்கிய வாரியம் அது என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். ஜெயித்துவிட்டேன். ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நாலாம் மாடிப் பெண் ஒருத்தி, “உங்க கதிரு நல்லவன்தான் அண்ணே, ஆனா எம் பொண்ணுக்கு லிஃப்டு திறந்தாலே நெஞ்சு அடிக்குது” என்றாள். காகிதத்தில் அதற்குப் பதில் இல்லை. இப்போது யாராவது நின்றால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கிறோம்.

இதெல்லாம் சில்லறைத் தொந்தரவு. மிதியடி கடிபடுவது, சோபாவில் முடி, தீபாவளியன்று கட்டிலுக்கடியில் நடுங்குபவனோடு நானும் தரையில் படுத்துக்கிடப்பது எல்லாம் பழகிவிடும். ஊருக்குப் போவதென்றால் கொஞ்சம் சிரமம். ரயிலில் முதல் வகுப்புக் கூபேயை முழுதாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு வேனில் இருக்கும் பெட்டிக்குள் அவனைப் போட வேண்டும். இரண்டும் முடியாமல் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எங்களில் ஒருவர் வீட்டில் தங்கிவிடுகிறோம். எனக்குப் பிடிக்காத கல்யாணங்களுக்கு நானே முந்திக்கொள்வேன்.

பழகாத ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை. வீட்டுக்குள் ஒண்ணுக்குப் போகக்கூடாது என்பதுதான் கதிருக்குக் குட்டியிலேயே நாங்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதை அவன் மறக்கவில்லை. குளியலறையில் செய்தித்தாள் விரித்துக் கெஞ்சினோம், பால்கனிக் கதவைத் திறந்துவிட்டோம். வருவான், முகர்வான், வாசல் கதவருகே போய் உட்கார்ந்துகொள்வான். முந்தின நாள் ராத்திரியிலிருந்து மறுநாள் சாயங்காலம் வரை, பத்தொன்பது மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தான். காற்று கொஞ்சம் தணிந்ததும் முப்பத்திரண்டு கிலோ நாயை இருட்டில் படியேற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். யாரோ வைத்திருந்த செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் காலைத் தூக்கியவன் வெகுநேரம் இறக்கவில்லை. என் மனைவி மழையில் நின்று அழுதாள்.

மணிக்கு எங்கள் உத்தரவு தேவைப்பட்டதில்லை. அதன் பொழுது அதனுடையது. கதிருக்குச் சோறு, மருந்து, பிறந்தநாள், குடும்பப் பெயர் எல்லாம் கொடுத்துவிட்டோம். ஆனால் அவன் சிறுநீர்கூட எங்கள் கதவுச் சாவியில் தொங்குகிறது. அதற்காக அந்தக் காலமே மேல் என்று சொல்ல மாட்டேன். மணியின் சுதந்திரத்தில் முக்கால்வாசி எங்கள் கவனமின்மைதான். காதெல்லாம் உண்ணி அப்பிக்கிடந்த நாய் அது.

ஒரு புரட்டாசியில் மணி வரவில்லை. இரண்டு நாள் அம்மா தட்டில் சோறு வைத்தாள், காக்காய் தின்றது. நாய் பிடிக்கிற வண்டி வந்ததாக ஒருவர் சொன்னார், லாரி என்று ஒருவர். யாரும் தேடிப் போகவில்லை. அடுத்த வாரம் தட்டு கோழிக்குப் போனது. நான் சில நாள் பாலத்தடியில் நின்று பார்த்துவிட்டு, பிறகு மறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அம்மா போன மாதம் கண் ஆபரேஷனுக்காக எங்களோடு வந்து தங்கியிருந்தாள். எங்கள் வீட்டில் கதிரை இன்னமும் ‘அது’ என்பவள் அவள் ஒருத்திதான். “நாய நாய்னு சொல்லாம, ராசான்னா சொல்லுவாக?” என்பாள். உண்ணிக்கு மாத்திரை கொடுத்தாகிவிட்டது, இனி மூன்று மாதத்துக்கு வராது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு பால்கனியில் உட்கார்ந்து, அவன் காதைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். அவன் அவள் மடியில் தாடையை வைத்துத் தூங்கிப்போயிருந்தான்.

காப்பி கொடுக்கப் போனேன். டம்ளரை வாங்காமல் தெருவைப் பார்த்தபடி சொன்னாள்: “மணி எங்கிட்டுப் போயிச் செத்துச்சோ.”